காற்று வாங்கிய கணக்கு

தில்லிக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருடம் ஆகிறது. நடுவில் மீரட் இரண்டு வருடம், பானிபட் ஒரு வருடம் என்று வங்கி என்னைப் பந்தாடினாலும் குடும்பம் மட்டும் மயூர் விஹாரை விட்டு நகரவில்லை. பெண்ணின் பள்ளிக்கூடம், மூன்றாவது மாடியில் கடன் போட்டு வாங்கிய வீடு, அதற்கு இன்னும் ஒன்பது வருடம் கட்டவேண்டிய தவணை... காரணங்களுக்கா பஞ்சம்?

இந்தப் பதிவு அந்த வீட்டுக்குக் காற்று வாங்கிய கதை. சாயங்காலம் மெரினாவுக்குப் போய் வாங்குகிற காற்று இல்லை. ரசீது, உத்தரவாத அட்டை சகிதம் காசு கொடுத்து வாங்கிய காற்று. அலுவலகத்தில் இரண்டு பேரும், மேல் மாடி மலையாளி நண்பரும் "அது என்ன சார் உங்க வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள ஒரு பெட்டி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிவிட்டால் சுட்டியை அனுப்பிவிடலாம் :-)

முன்னெச்சரிக்கை: நான் படித்தது பி.காம். இயற்பியலில் கேள்வி கேட்டால் என் பெண்ணைத்தான் கூப்பிடுவேன். ஆனால் கூட்டல் கழித்தல் எனக்கு வரும். இந்த விஷயத்தில் பெரும்பகுதி கூட்டல் கழித்தல்தான்.

முதலில் பிரச்சினை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. வீசிங் உண்டு. அப்பா போனபிறகு எங்களோடுதான் இருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் தீபாவளி வாக்கில் இங்கே வானம் சாம்பல் நிறமாகும். அம்மாவுக்கு இழுப்பு ஆரம்பிக்கும். பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுக்கு டிக்கெட் போடுவோம். பிப்ரவரி கடைசியில் திரும்பி வருவாள். நாலைந்து வருடம் இப்படியே ஓடியது. அக்கா வீட்டில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் பேத்தியோடு ஒரே அறையில் படுத்துப் பழகிய பாட்டியை, வருடத்தில் மூன்றரை மாதம் பறவை மாதிரி இடம் பெயர்த்துக்கொண்டிருந்தோம். அவள் போகாமல் இங்கேயே இருந்த நாட்களில் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது: "தொறந்தா பொகை, மூடுனா மூச்சு முட்டு. என்ன ஊருய்யா இது?"

தில்லி குளிர்காலத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

மூடினால் ஏன் மூச்சு முட்டுகிறது? அறைக்கு ஒன்றாகக் காற்று சுத்திகரிப்பான் ஏற்கெனவே வாங்கியிருந்தோம். அது தூசியைப் பிடிக்கும், நன்றாகவே பிடிக்கும். ஆனால் நாம் விடுகிற மூச்சில் இருக்கும் கரியமில வாயுவை அது ஒன்றும் செய்யாது. அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சலித்துக் கொடுக்குமே தவிர, புதுக் காற்று ஒரு சொட்டுகூட வராது. கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி அம்மாவும் பெண்ணும் படுக்கும் அறையில் வைத்தேன். வெளியே திறந்த வெளியில் இந்த அளவு 420 பி.பி.எம். சொச்சம். உள்ளே 1,000-க்குள் இருந்தால் காற்றோட்டம் பரவாயில்லை என்பது பொதுவான கணக்கு. ஜன்னலை மூடி, கதவிடுக்கில் துணி செருகி, இரண்டு பேர் தூங்கி எழுந்த காலையில் கருவி காட்டியது 2,300. பெண் காலையில் தலைவலி என்று சொல்வதைப் பரீட்சை பயம் என்று நினைத்துக்கொண்டிருந்த தங்கமணி அன்றைக்குக் கருவியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

சரி, திறந்து வைக்கலாமா? பி.எம். 2.5 எனும் நுண்தூசிக்கு 2009-ல் நம் அரசாங்கம் வைத்த வரம்பு, 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. இங்கே நவம்பர், டிசம்பரில் 200, 300 என்பதெல்லாம் சாதாரணம். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு வெயிலில் காற்று மேலே எழும்பிக் கலப்பதால் கொஞ்சம் குறையும். அப்போது பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து மூடுவது நல்ல பழக்கம்தான், காசும் செலவில்லை. ஆனால் பிரச்சினை ராத்திரியில். ராத்திரிதான் தூசியும் அதிகம், ஆட்களும் உள்ளே.

ஆகவே வேண்டியது, வெளிக் காற்றைத் தூசி நீக்கி உள்ளே கொண்டுவந்து, உள்ளே இருக்கும் பழைய காற்றை வெளியே தள்ளும் ஓர் ஏற்பாடு. அதோடு, 6 டிகிரி குளிரில் இருக்கும் வெளிக் காற்று அப்படியே அம்மாவின் தலையில் வந்து விழக் கூடாது.

இதற்கான பெட்டிக்கு ஹெச்.ஆர்.வி. என்று பெயர். அதன் தம்பி ஈ.ஆர்.வி. வீட்டில் பாலை ஆற்றுவதற்குப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்போம் இல்லையா? பாலும் தண்ணீரும் கலப்பதில்லை, சூடு மட்டும் இடம் மாறுகிறது. அதே சங்கதிதான். பெட்டிக்குள் மெல்லிய தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு இடுக்கில் வெளியே போகும் கதகதப்பான காற்று, அடுத்த இடுக்கில் உள்ளே வரும் குளிர்ந்த காற்று. இரண்டும் கலக்காமல், போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஹெச்.ஆர்.வி. வெப்பத்தை மட்டும் மாற்றும். ஈ.ஆர்.வி.யில் தகட்டுக்குப் பதில் ஈரத்தையும் கடத்தும் தாளோ, சவ்வோ இருக்கும். தில்லிக்கு ஈ.ஆர்.வி.தான் சரி. ஜூலை, ஆகஸ்டில் வெளியே இருக்கும் பிசுபிசுப்பை அப்படியே ஏ.சி. அறைக்குள் கொண்டுவந்தால் ஏ.சி.யும் திணறும், சுவரில் பூஞ்சையும் வரும்.

இந்தப் பெட்டியின் பூர்வீகம் குளிர் தேசம். 1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது மேல்நாட்டுக்காரர்கள் வீட்டில் ஒரு இடுக்கு விடாமல் அடைக்க ஆரம்பித்தார்கள். அடைத்தால் உள்ளே காற்று கெடும், ஈரம் தங்கும். கனடாவில் ரெஜைனா நகரில் 1977-ல் கட்டிய சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற மாதிரி வீட்டில் இந்த வகை வெப்ப மாற்றியைப் பொருத்தினார்கள். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரின் முதல் பாஸிவ் ஹவுஸிலும் 1991 முதல் இது இருக்கிறது. அவர்கள் வீட்டை அடைத்தது குளிருக்குப் பயந்து. நாம் அடைப்பது புகைக்குப் பயந்து. இந்த ஒரு வித்தியாசம்தான் கணக்கையே மாற்றுகிறது. அது கீழே வருகிறது.

மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்கினேன். 68,000, 1,10,000, 1,85,000. வந்தவர்களில் ஒருவர் டை கட்டிக்கொண்டு, "சார், கரண்ட் மிச்சத்துலயே மூணு வருஷத்துல போட்ட பணம் திரும்பிடும்" என்றார். கடன் கேட்டு வருபவர்களின் திட்ட அறிக்கைகளை இருபது வருடமாகப் படிக்கிறவனிடம் இப்படிச் சொல்லலாமா? அன்று ராத்திரியே காகிதத்தை எடுத்துவிட்டேன்.

மணிக்கு 110 கன மீட்டர் காற்று. வெளியே 7 டிகிரி, உள்ளே 20. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி. பெருக்கினால் சுமார் 470 வாட். பெட்டி அதில் 70 சதவீதத்தை மீட்கிறது என்றால் 330 வாட். ஹீட்டர் போடும் காலம் இங்கே மிஞ்சிப்போனால் அறுபது நாள், நாளுக்குப் பத்து மணி நேரம். ஆக வருடத்துக்குச் சுமார் 200 யூனிட். ஏ.சி. காலத்தில் ஈரத்தையும் சேர்த்து, தாராளமாகவே போட்டால் இன்னொரு 160 யூனிட். மொத்தம் 360. யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2,520 ரூபாய்.

பெட்டியின் இரண்டு விசிறிகளும் சும்மா ஓடாதே? 60 வாட், நாளுக்கு 14 மணி நேரம், வருடத்தில் 300 நாள். 252 யூனிட், 1,764 ரூபாய்.

நிகர லாபம் வருடத்துக்கு 756 ரூபாய்! அதுவும் குளிர்காலம் முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்து ஹீட்டர் போட்டவனோடு ஒப்பிட்டால்தான். என்னைப் போல மூடியே வைத்திருந்தவனுக்கு அந்த 756-ம் இல்லை. ஆறு மாதம் பனியில் உறைகிற ஊரில் இந்தப் பெட்டி தன் செலவைத் தானே சம்பாதிக்கலாம். தில்லியில் முடியாது.

அப்படியானால் வாங்க வேண்டாமா? இங்கேதான் நான் சொல்லவந்தது இருக்கிறது. இதைச் சேமிப்பு என்ற தலைப்பில் எழுதினால் நஷ்டம். மருத்துவம், பள்ளிக் கட்டணம் மாதிரி ஒரு செலவு என்று எழுதினால், என்ன கொடுத்து என்ன வாங்குகிறோம் என்பது தெளிவாகிவிடும். வெப்ப மீட்பின் பலன் கரண்ட் பில்லில் இல்லை. வெளியே 6 டிகிரி, உள்ளே 20 என்றால் இந்தப் பெட்டி வழியாக வரும் காற்று கிட்டத்தட்ட 16 டிகிரியில் வருகிறது. 6 டிகிரி காற்று தலைமாட்டில் விழுந்தால் அம்மா முதல் நாளே அந்தத் துளையில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்திருப்பாள். 16 டிகிரி என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறாள். அடைக்கப்படாத துளைக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

(கையில் அவ்வளவு பணம் இல்லை என்றால், வெப்ப மீட்பு இல்லாமல் ஃபில்டரும் விசிறியும் மட்டும் வைத்த, புதுக் காற்று தள்ளும் சின்னப் பெட்டிகள் கிடைக்கின்றன. தூசிக்கும் கரியமில வாயுவுக்கும் அவை போதும். கட்டிலுக்கு நேராக வைக்காமல் இருந்தால் சரி.)

இனி, வாங்கும்போது பார்த்தவை. பேலன்ஸ் ஷீட் படிக்கிற மாதிரிதான், பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும்.

1. எவ்வளவு காற்று? ஆளுக்கு மணிக்கு 25 முதல் 30 கன மீட்டர். நாங்கள் நாலு பேர், ஆக 100 முதல் 120. சில விற்பனையாளர்கள் சி.எஃப்.எம். கணக்கில் சொல்வார்கள். அதை 1.7-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

2. அட்டையில் போட்டிருக்கும் அளவு, எதிரே எந்தத் தடையும் இல்லாத விசிறியின் அளவாக இருக்கலாம். டக்ட், வளைவு, ஃபில்டர் எல்லாம் சேர்ந்தால் குறையும். "இத்தனை பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு?" என்று கேளுங்கள். வரைபடத்தோடு பதில் சொல்பவரிடம் வாங்கலாம். நான் வாங்கியது 150 என்று போட்ட பெட்டி. கிடைப்பது ஏறக்குறைய 110. அம்மா அறைக்கு 60, எங்கள் அறைக்கு 50.

3. ஃபில்டர். இதுதான் உயிர்நாடி. எஃப்7 ரகம் ஐரோப்பாவுக்குப் போதும். அது நுண்தூசியில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தைப் பிடிக்கிறது என்று வையுங்கள். வெளியே 300 இருந்தால் 120 உள்ளே வந்துவிடும். நம் அரசாங்க வரம்பைப் போல இரண்டு மடங்கு. தில்லிக்கு ஹெச்13 ரக ஹெபா ஃபில்டரும், அதற்கு முன்னால் கழுவிப் போடக்கூடிய முரட்டு ஃபில்டரும், இரண்டையும் இழுக்கத் தெம்புள்ள விசிறியும் வேண்டும். 68,000 ரூபாய்ப் பெட்டி இங்கேதான் கழன்றுகொண்டது.

4. ஃபில்டரை யார் எடுப்பது? ஸ்டூலில் ஏறி, திருப்புளி இல்லாமல் கையாலேயே கழற்ற முடிய வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் அதற்கு நேராக ஒரு கதவு வைக்கச் சொல்லுங்கள். ஆள் வந்துதான் கழற்ற முடியும் என்றால் அது கழற்றப்படாது. 1,85,000 ரூபாய்ப் பெட்டியை வேண்டாம் என்றதற்கு விலை பாதிக் காரணம், பக்கவாட்டில் பதினாறு ஸ்க்ரூ இருந்தது மீதிக் காரணம்.

5. மாற்று ஃபில்டர் விலை, அது எத்தனை நாளில் வீட்டுக்கு வரும் என்பது. இரண்டையும் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பிரிண்டர் விலை மலிவு, மை விலை கொள்ளை என்கிற கதை இங்கேயும் உண்டு.

6. சத்தம். கடைக்காரர் கூடத்தில் ஓட்டிக் காட்டுவார். பெட்டியைப் படுக்கை அறைக்கு மேல் வைக்காமல் நடைபாதைக்கோ குளியலறைக்கோ மேல் வைத்து, டக்ட்டை மட்டும் அறைக்குக் கொண்டுபோனால் நிம்மதி.

சுவரில் ஒட்டுகிற உருளை வகை ஒன்றும் உண்டு. ஒரு நிமிடம் சொச்சம் காற்றை வெளியே தள்ளும், அடுத்த ஒரு நிமிடம் உள்ளே இழுக்கும். நடுவில் இருக்கும் பீங்கான் துண்டு சூட்டைப் பிடித்து வைத்துத் திருப்பித் தரும். மலிவு, டக்ட் வேலை கிடையாது. ஆனால் அதில் நல்ல நுண் ஃபில்டருக்குத் தெம்பும் இடமும் இருப்பதில்லை. சிம்லாவில் இருப்பவர்கள் யோசிக்கலாம். நமக்கு ஆகாது.

பொருத்துவது ஒரு தனி அத்தியாயம். வெளிச்சுவரில் ஆறு அங்குலத் துளை இரண்டு போட வேண்டும். அதற்குக் குடியிருப்போர் சங்கத்தின் தடையில்லாக் கடிதம், பீம் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள், இரண்டும் தேவை. வந்த மேஸ்திரி காற்று இழுக்கும் துளையைப் போட வசதியாக இருக்கிறது என்று காட்டிய இடம், பக்கத்து வீட்டுச் சமையலறைப் புகைபோக்கிக்கு நாலடி தூரம். தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டு வெங்காயத் தாளிப்பு எங்கள் படுக்கை அறைக்கு வந்திருக்கும். பின்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். காற்று இழுக்கும் துளைக்கும் வெளியே தள்ளும் துளைக்கும் நடுவில் பத்தடியாவது இருக்கட்டும். கழிவறைக் குழாய், ஜெனரேட்டர், ஏ.சி.யின் வெளிப்பெட்டி எதுவும் பக்கத்தில் வேண்டாம். குழாய்கள் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே வராது. வாயில் வலை கட்டாயம். தில்லிப் புறாக்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. அது உட்காரும் விளிம்புக்கு மேலே துளை போடுவது நோயை விருந்துக்கு அழைப்பதுதான்.

இன்னொன்று. இந்தப் பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில் அறைக்குள் அங்கீட்டி கொளுத்துவது, மூடிய குளியலறையில் கேஸ் கீசர் வைப்பது எல்லாம் கூடவே கூடாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே செய்தித்தாளில் வரும் மரணங்கள் கார்பன் மோனாக்ஸைடால் வருபவை. அது வேறு வாயு, வாசனை கிடையாது, நான் சொன்ன கருவியில் தெரியவும் தெரியாது. அதற்கு மருந்து ஒன்றுதான்: மூடிய வீட்டுக்குள் எரிக்காமல் இருப்பது.

இனி பராமரிப்பு. வங்கியில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு: கடன் கொடுப்பது ஒரு நாள் வேலை, அதைப் பின்தொடர்வது பத்து வருட வேலை. பெட்டியும் அப்படித்தான். தவணை தொண்ணூறு நாளைத் தாண்டி நிலுவையில் இருந்தால் கணக்கை வாராக்கடன் என்று எழுதுவோம். நவம்பரில் தொண்ணூறு நாள் ஃபில்டரைத் தொடாமல் விட்டால் பெட்டியும் வாராக்கடன்தான். விளக்கு எரியும், விசிறி சுற்றும், காற்று மட்டும் வராது. பார்க்க நல்லபடியாக இருக்கும் கணக்குதான் ரொம்ப ஆபத்தானது என்பது உங்களுக்கே தெரியும்.

என் அட்டவணை இது:

முரட்டு ஃபில்டர்: நவம்பர் முதல் ஜனவரி வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை கழுவுவது. மே, ஜூனில் ஆந்தி என்கிற புழுதிக் காற்று அடித்தால் மறுநாளே. நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்பப் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் வீடு முழுக்கப் பழைய சாக்கு வாசனை வரும். இரண்டு செட் வைத்துக்கொண்டால் அவசரப்பட வேண்டாம்.

ஹெபா ஃபில்டர்: கழுவக் கூடாது. எனக்கு வருடத்துக்கு இரண்டு ஆகிறது. அக்டோபர் முதல் வாரம் ஒன்று, ஜனவரி நடுவில் ஒன்று. போடும்போது ஓரத்து ரப்பரைத் தடவிப் பாருங்கள். ஒரு நூலிடை இடைவெளி இருந்தாலும் காற்று ஃபில்டரை விட்டுவிட்டு அந்த வழியாகத்தான் வரும். சுலபமான வழி இருக்கும்போது யார்தான் கஷ்டப்பட்டு வருவார்கள்?

வெப்ப மாற்றி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து மெல்லிய பிரஷ் போட்ட வேக்குவம் கிளீனரால் இழுப்பது. தாள் வகை என்றால் தண்ணீர் படவே கூடாது. சில சவ்வு வகைகளைக் கழுவலாம். கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம், சர்வீஸ் பையன் சொல்வது இல்லை.

வெளி வலை: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நூலாம்படை, இறகு, ஒருமுறை பாதி கட்டிய குளவிக் கூடு.

சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? கரியமில வாயுக் கருவியே தணிக்கையாளர். புது ஃபில்டரோடு அம்மா அறையில் காலை அளவு 800 பக்கம் நிற்கும். அதே இரண்டு பேர், அதே கதவு, ஆனால் 950, 1,000 என்று ஏறுகிறது என்றால் காற்றின் அளவு குறைகிறது, ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தூசிக்கு ஒரு சின்ன லேசர் கருவியைக் காற்று வரும் வாயில் பிடித்துப் பார்ப்பேன். வெளியே 300, வாயில் 10, 15 என்றால் ஃபில்டர் சரி. 60 காட்டினால் ஓரத்தில் ஒழுக்கு. (அடர்ந்த பனிமூட்ட நாளில் வெளியே வைத்த லேசர் கருவி பனித்துளியையும் தூசி என்று எண்ணிவிடும். அன்றைக்கு ஒப்பிடாதீர்கள்.) பழைய காற்று போகும் வாயில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்குப் பிடித்தது இந்தப் பரிசோதனைதான். சனிக்கிழமை தோறும் அவளே செய்கிறாள்.

வருடக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். பெட்டி 1,10,000, பொருத்தக் கூலி 18,000. பத்து வருட ஆயுள், நேர்க்கோட்டு முறையில் தேய்மானம் 12,800. ஹெபா இரண்டு 6,400. சர்வீஸ் 1,500. மின்சாரம் 1,764. ஆக மொத்தம் 22,464. நாளுக்கு 62 ரூபாய்க்குள், தலைக்குப் பதினைந்து. எங்கள் கிளை வாசலில் விற்கும் டீயின் விலை. ஆனால் இதில் 9,664 ரூபாய் ஒவ்வொரு வருடமும் கையிலிருந்து போகும் காசு என்பதைக் கவனியுங்கள். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் முதல் 1,28,000-ஐயும் போடாமல் இருப்பது நல்லது.

அம்மா? பெட்டி வந்தது அக்டோபர் 2022. அந்தக் குளிர்காலமும் அடுத்ததும் ஊருக்குப் போகவில்லை. இழுப்பு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்ஹேலர் தலைமாட்டில்தான் இருக்கிறது. ராத்திரி எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது. பெண்ணும் காலைத் தலைவலி என்று சொல்வதில்லை. (பரீட்சை பயம் அப்படியேதான் இருக்கிறது.) 2024 நவம்பர் 18-ம் தேதி தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. அந்த அளவுகோலே 500-ல் முடிந்துவிடுகிறது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் வீட்டுக்குள் வாய்ப்பக்கத்து அளவு 25. ஆனால் அம்மா பெட்டிக்குள் வாழ்கிறவள் இல்லை. குருவாயூரப்பன் கோயிலுக்குப் போக வேண்டும், பால்கனியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கீழே பெஞ்சில் பாலக்காட்டு மாமியோடு பேச வேண்டும். டாக்டர் சொன்னபடி அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். மூன்று வாரத்தில் "போதும், டிக்கெட் போடு" என்று அவளே ஃபோன் செய்தாள். மூன்றரை மாதம் மூன்று வாரமானது. 1,28,000 ரூபாய்க்கு நான் வாங்கியது இதுதான். ஊர்க் காற்றை இந்தப் பெட்டி சுத்தம் செய்யாது, நாலு சுவருக்குள் இருப்பதை மட்டும் பார்த்துக்கொள்ளும். சுவருக்கு வெளியே இருப்பதற்கு நாம் எல்லாரும் சேர்ந்து வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், இரண்டு வருடத்தில் மாற்றல் வரும் என்று தெரிந்த சக வங்கிக்காரர்கள், ஸ்டூலில் ஏற யாரும் இல்லாத வீட்டினர், இவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சுத்திகரிப்பான் ஒன்று, கரியமில வாயுக் கருவி ஒன்று, பிற்பகல் ஜன்னல் பத்து நிமிடம். அதுவே பெரிய வித்தியாசம் தரும். சொந்த வீடு, வயசானவர்களோ குழந்தைகளோ உண்டு, காலண்டரில் குறித்துவைத்து வேலை செய்யும் சுபாவமும் உண்டு என்றால் தாராளமாக வாங்குங்கள். கொட்டேஷன் வந்தால் எனக்கும் காட்டுங்கள். அடிக்குறிப்பைப் படித்துச் சொல்கிறேன், கட்டணம் ஒரு ஃபில்டர் காபி. இந்த ஃபில்டரை மட்டும் நான் கழுவமாட்டேன் :-)